பா என்றால் மூன்று

சைகோனுக்குப் போன முதல் இரண்டு வாரம், அந்தச் சாப்பாட்டுக்கடைப் பையனுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சந்து முனையில் என் தலை தெரிந்ததுமே "ஹாய்!" என்பான். நானும் கையைத் தூக்கி "ஹாய்!" என்பேன். அவன் ஒரு மாதிரியாகச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் வேலையிடத் தோழி ஒருத்தி என்னோடு சாப்பிட வந்தாள். உள்ளூர்ப் பெண். பையன் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு "ஹாய்" என்றான். நான் வழக்கம்போல "ஹாய்" என்றேன். குடித்துக்கொண்டிருந்த தேநீர் அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"அவன் உனக்கு ஹலோ சொல்லல. 'அன் ஹாய்'னு கூப்பிடுறான். அன்னா அண்ணன். ஹாய்னா ரெண்டு."

"நான் எப்படி ரெண்டாவது அண்ணன்?"

"தெற்குல நாங்க மூத்த பிள்ளையத்தான் ரெண்டுன்னு சொல்வோம். அடுத்தது மூணு, நாலுன்னு போகும். தெரியாத ஆளா இருந்தா மரியாதைக்கு மூத்தவன்னு வெச்சுக்கிட்டு 'அன் ஹாய்'னு கூப்பிடுறது."

"அப்போ ஒண்ணு யாரு?"

"யாருமில்ல. அது காலியா இருக்கும்."

அன்றைக்கு இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

2023 பிப்ரவரியில் கம்பெனி என்னை ஆறு மாதத்துக்கு அங்கே அனுப்பியிருந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு நான் பார்க்கிற வேலையை அம்மாவுக்கு விளக்குவது சிரமம். சுருக்கமாகச் சொன்னால், எண்ணுவது. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் செய்தோம், எத்தனை தேறியது, எத்தனை ரிஜெக்ட். தொழிற்சாலை நகரத்துக்கு வடக்கே பின் டுவோங்கில், சிங்கப்பூர், வியட்னாம் அரசாங்கங்கள் சேர்ந்து 1996-ல் தொடங்கிய தொழிற்பேட்டையில் இருந்தது. அறை கொடுத்தது நகரத்துக்குள், பின் தான் என்கிற பகுதியில். வேன் என்னை இறக்கிவிடும்போது ஆறரை ஏழாகிவிடும். மோட்டார் சைக்கிள்கள் மழை மாதிரி கொட்டிக்கொண்டிருக்கும் பெரிய சாலையைத் தாண்டி, கார் நுழைய முடியாத ஒரு சந்துக்குள் நடந்தால் நடுவில் அந்தக் கடை.

கடை என்று பெரிதாகச் சொல்லக்கூடாது. ஒரு வீட்டின் கீழ்த்தளம். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி வண்டி. அதன் பக்கத்தில் கரி அடுப்பு. அடுப்பை நோக்கி ஒரு பழைய மேசை மின்விசிறி. அது புகையைச் சந்துக்குள் தள்ளிவிடும். விளம்பரப் பலகையே தேவையில்லை, அந்தப் புகைதான் விளம்பரம். முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் முக்காலிகள். என் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஐஸ் போட்ட சீனியில்லாத் தேநீர் வரும். 'சா டா' என்பார்கள்.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரே சாப்பாடுதான். கோம் தாம். வியட்னாமியச் சாப்பாடு என்றால் நமக்கெல்லாம் ஃபோ சூப்தான் ஞாபகத்துக்கு வரும். ஃபோ வடக்கிலிருந்து வந்தது. சைகோன்காரர்கள் தங்கள் சொந்தச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்வது கோம் தாமைத்தான். கோம் என்றால் சோறு. தாம் என்றால் நொய்.

நொய்யேதான். ஆலையில் அரிசி தீட்டும்போது உடைந்து விழுகிற குருணை. முழு அரிசியை விற்றுவிட்டு, விற்க முடியாத இந்த நொய்யை விவசாயிகள் வீட்டில் பொங்கித் தின்றார்கள். பிறகு அது நகரத்துத் தெருவோரத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்குப் பெரிய உணவகங்களிலும் கிடைக்கிறது. மேலே கரியில் சுட்ட பன்றி விலாத்துண்டு ஒன்று, மெல்லிசாகச் சீவிய தோல் கொஞ்சம், முட்டையும் இறைச்சியும் சேர்த்து அவித்த ஒரு துண்டு, சூடான எண்ணெயில் வதங்கிய வெங்காயத்தாள், காரட்டும் முள்ளங்கியும் போட்ட ஊறுகாய். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சீனியும் மிளகாயும் கலந்த மீன் சாறு. அதைச் சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ள வேண்டும். நொய் உடைந்த அரிசி என்பதால் சாற்றைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். வழுக்கிக்கொண்டு ஓடாது. குச்சி கிடையாது, கரண்டியும் முள்கரண்டியும்தான். எல்லாம் சேர்த்து அப்போது 45,000 டோங். நம் காசுக்கு இரண்டரை வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே.

என் அப்பாவின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். ஈசூனில் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, தேக்காவிலிருந்து நொய் வாங்கிவரச் சொல்லிக் கஞ்சி வைப்பார். எனக்குப் பிடிக்காது. காய்ச்சல்காரச் சாப்பாடு என்பேன். பாட்டி போய்ப் பத்து வருஷத்துக்குமேல் ஆகிறது. அந்தச் சந்தில் முதல் வாய் வைத்தபோது நாக்குக்கு முன்னாடியே பல்லுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொடிப்பொடியான நெருடல்.

நெல்லுக்கு ஒரு சொல், அரிசிக்கு ஒரு சொல், சோற்றுக்கு ஒரு சொல் என்று வியட்னாமிய மொழியிலும் இருக்கிறது. லுவா, காவ், கோம். ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றுதான். இதை என் தோழிதான் சொன்னாள். தமிழிலும் அப்படித்தான் என்று நான் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அதற்கப்புறம்தான் உறவுமுறைப் பேச்சு வந்தது. அந்த மொழியில் 'நீ' என்று பொதுவாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. எதிரில் இருப்பவர் அண்ணனா, அக்காவா, தம்பியா, அத்தையா, மாமாவா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்கவே முடியாது. 'நான்' என்பதும் அப்படித்தான். பெரியவர்களிடம் பேசும்போது நான் 'கொன்'. அதாவது பிள்ளை. அதனால்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே வயதைக் கேட்கிறார்கள். சிங்கப்பூர் அலுவலகத்தில் முப்பது வயது மூத்தவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிவிட்ட எனக்கு, இது என்னமோ வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

கடைக்கார அம்மாவை எல்லாரும் 'கோ து' என்று கூப்பிட்டார்கள். நாலாம் நம்பர் அத்தை. அப்படியென்றால் வீட்டில் மூன்றாவது பிள்ளை. அறுபது வயது இருக்கும். எந்நேரமும் பூப்போட்ட பைஜாமா மாதிரி ஒரு உடுப்பு. கையில் இடுக்கி.

எனக்கு அங்கே வேறொரு நம்பரும் கிடைத்தது. தினமும் மூலை மேசையில் பீர் குடிக்கும் ஒரு தாத்தா என்னைப் பார்த்து "அன் பாய்!" என்றார். பாய் என்றால் ஏழு. பழைய சைகோனில் இந்தியர்களுக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. ஏழாம் நம்பர் அண்ணன். சீனர்களுக்கு மூன்றாம் நம்பர் சித்தப்பா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் செட்டியார்கள் அங்கே வட்டிக்கடை வைத்திருந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்கள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது. 1975-க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சொல்லி அனுப்பியதற்காக அங்கே போனேன். கும்பிட வந்தவர்களில் தமிழ் முகம் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். வியட்னாமியப் பெண்கள் கருவறைக்குப் பின்னாலிருக்கும் கல் சுவரில் கையையும் நெற்றியையும் ஒட்டவைத்துக்கொண்டு தங்கள் வேண்டுதலை முணுமுணுத்தார்கள். நானும் நின்றேன். அம்மா என்ன வேண்டிக்கச் சொன்னார் என்று யோசித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "போய் நில்லு, போதும்" என்றுதான் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் நல்ல மழை. கடையில் ஆளில்லை. கோ து என் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார். என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை?

சாதாரணக் கேள்விதான். ரொம்ப நாளாகப் பொதுப்படையாக 'ஹாய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், வாடிக்கைக்காரன் ஆகிவிட்டான், சரியான நம்பரைத் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டிருப்பார்.

"ஹாய்," என்றேன்.

திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மறுபடியும் தொலைபேசியில் பேசினார். செயலிக்கு அது உறவுமுறை என்று தெரியவில்லை. அதற்குத் தெரிந்த மாதிரி மாற்றிக் கொடுத்தது. 'என் இரண்டு போரில் இறந்தது. என் மூன்று சிறுவயதில் காய்ச்சலில் இறந்தது. நான் நான்கு.'

இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. இன்றைக்கு அந்த வீட்டில் மூத்தவர் இவர்தான். ஆனாலும் அவர் நாலுதான். ஆள் போய்விட்டால் நம்பர் கீழே இருப்பவருக்கு இறங்கி வருவதில்லை. இரண்டு இரண்டாகவே இருக்கும், மூன்று மூன்றாகவே இருக்கும். சந்தில் போகிற யாராவது "கோ து!" என்று ஒரு தடவை கூப்பிட்டால், முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது.

நான் சொன்ன பதில் தப்பு. அது எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் ஒருவன் இருந்தான். 1994-ல் பிறந்தான். இதயத்தில் ஏதோ குறை. 11 நாள் இருந்தான். இது எனக்குப் பதினாலு வயதில்தான் தெரியும், அதுவும் சின்னம்மா ஏதோ பேச்சுவாக்கில் உளறியதால். அம்மா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அம்மா "ரெண்டு" என்பார். நானும் தங்கையும். அந்த "ரெண்டு"க்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். தெரியாதவர்களுக்குக் கேட்காது. எனக்குப் பதினாலு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

சின்ன வயதில் பாட்டி என்னைச் சீண்டுவார். "உன்னத் தவிட்டுக்கு வாங்குனோம்டா." எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் கேட்ட சீண்டல்தான். ஆனால் என் விஷயத்தில் அது உண்மை என்று சின்னம்மா சொன்னார். முதல் பிள்ளை தங்காமல் போனால், அடுத்ததை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்கு வாங்குகிற வழக்கம் ஊரில் உண்டு. இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். நான் பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே பாட்டி என்னைப் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் கையில் கொடுத்திருக்கிறார். ஈசூனில் தவிட்டுக்கு எங்கே போவது? வீட்டிலிருந்த நொய்யில் ஒரு குவளை அளந்து கொடுத்து என்னைத் திரும்ப வாங்கியிருக்கிறார். மக்சிக்கிற்கு என்ன ஏது என்று புரியவில்லையாம். ஆனாலும் வாசலில் நின்று அழுதாராம்.

மூத்தவனை இரண்டு என்று சொல்வதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு என்றாள் தோழி. தலைப்பிள்ளை மீதுதான் கெட்ட ஆவிகளுக்குக் கண். இது தலைப்பிள்ளை இல்லை, இரண்டாவது என்று அவற்றை ஏமாற்றுகிறார்களாம். இன்னொரு கதையும் இருக்கிறது. 1558-ல் தெற்குப் பக்கம் ஆளவந்த ங்குயென் ஹோவாங் என்கிற பிரபு அவர் அப்பாவுக்கு இரண்டாவது மகன். அண்ணன் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். அந்த இரண்டாமவர் மீது வைத்த மரியாதைக்காகத் தெற்கத்திக்காரர்கள் தங்கள் மூத்த பிள்ளையை ஒன்று என்று சொல்வதில்லையாம். எது சரியோ. எனக்கு இரண்டு கதையுமே எங்கள் வீட்டில் நடந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பையன் "அன் ஹாய்" என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரியாக இருந்தது. வேறொருவனின் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. பகலில் ரிஜெக்ட் கணக்கு எழுதும்போது, சோதனை ஓட்டத்தில் போன பீஸ்களை மொத்தத்தில் சேர்க்க வேண்டாம் என்று சொல்வார்கள். அதெல்லாம் வழக்கமான நடைமுறைதான். அந்த மாதம் அதை எழுத மட்டும் கை வரவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் இருக்கும்போது அம்மா காணொளியில் அழைத்தார். அங்கே எட்டு மணி, எனக்கு ஏழு.

"என்ன சாப்பிடுற?"

தட்டைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன். "நொய்ச் சோறும்மா. பாட்டி வெப்பாங்கள்ல."

"மேல என்ன, கோழியா?"

"ம்."

கோ து பின்னாலிருந்து குனிந்து திரையைப் பார்த்தார். அம்மா என்று புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. என் தோளில் தட்டி, "ஹாய்! ஹாய்!" என்றார்.

"ஹாய், ஹாய்," என்று அம்மாவும் கையை ஆட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோ து விடவில்லை. என்னைக் காட்டி, இரண்டு விரலை நீட்டி மறுபடியும் "ஹாய்" என்றார்.

"என்ன ரெண்டுங்கிறாங்க? ரெண்டு பிள்ளைங்களான்னா?"

"இல்லம்மா. இங்க மூத்த பிள்ளைய ரெண்டுன்னுதான் கூப்பிடுவாங்க. அடுத்தத மூணும்பாங்க. அதான் என்ன…"

சொல்லிக்கொண்டே வந்தவன் அதற்குமேல் போக முடியாமல் நிறுத்திவிட்டேன். அம்மா திரையைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் இறைச்சியில் கொழுப்பு கரியில் சொட்டுகிற சத்தம்.

"அப்ப நீ மூணுல்ல," என்றார்.

கேள்வி மாதிரி இல்லை. தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்துகிற மாதிரி.

"ஆமாம்மா."

"சரி, சாப்பிடு. ஆறிடப் போவுது."

வைத்துவிட்டார்.

வீட்டில் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாத் தமிழ் வீட்டிலும் மகனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றிரவு அறைக்கு நடந்து போகும்போது அந்தச் சொல்லும் கூடவே வந்தது.

மறுநாள் கோ துவிடம் போய்ச் சொன்னேன். செயலியைத் திறக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கே வியட்னாமிய மொழி வந்திருந்தது. "நான் ஹாய் இல்லை. பா." பா என்றால் மூன்று. தெற்கில் அப்பாவையும் பா என்றுதான் சொல்கிறார்கள், அதனால் வேறு மாதிரிப் புரிந்துகொள்வாரோ என்று மூன்று விரலையும் காட்டினேன்.

இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு "அன்? சீ?" என்றார். அண்ணனா, அக்காவா.

"அன்," என்றேன்.

தலையை ஆட்டினார். அடுப்புப் பக்கம் திரும்பி இறைச்சியைப் புரட்டிப்போட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பையனிடம் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து அவனும் மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தான்.

ஆகஸ்ட்டில் வேலை முடிந்தது. கிளம்புவதற்கு முந்தின இரவு கடைசியாக அங்கேதான் சாப்பிடப் போனேன். தட்டு வருவதற்குள் அம்மா அழைத்தார். பெட்டி கட்டியாச்சா, பாஸ்போர்ட் எடுத்துவச்சியா என்று கேட்டுவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"அந்தக் கடையில இப்ப உன்ன எப்படிக் கூப்பிடுறாங்க?"

"பான்னும்மா."

"அப்படின்னா?"

"மூணு."

"ம்," என்றார். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"அவனுக்குப் பேர் வெச்சிருந்தோம், தெரியுமா?"

"தெரியாதும்மா."

சொன்னார். நல்ல பெயர். என் பெயர் எதனோடு சேரும்படி வைக்கப்பட்டது என்று இருபத்தெட்டு வயதில்தான் புரிந்தது.

அதற்குள் பையன் தட்டோடு வந்துவிட்டான். "அன் பா!" என்றான். அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.